மூன்றே நிமிட மூச்சு

"அப்பா, டப்பாவுக்கும் மூச்சு முட்டுமா?"

மகள் நாலு வயதில் கேட்ட கேள்வி அது. எண்ணெய் டப்பாவின் மூடியில் ஒரே ஓர் ஓட்டை போட்டுவிட்டு, எண்ணெய் விக்கி விக்கி விழுவதைத் திட்டிக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரரான அப்பா. கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். பிறகு இன்னோர் ஓட்டை போட்டார். எண்ணெய் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. கேள்வியை அத்தோடு மறந்துவிட்டார். மறக்காமல் இருந்திருந்தால், பதினைந்து வருஷம் கழித்து இந்த ஒரு வாரம் அப்படிப் பாடுபட்டிருக்க வேண்டாம்.

மகள் இப்போது ஏரி மீட்புப் படையில் சேரத் துடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்குத் தேர்வு. நின்றுகொண்டே ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டரில் பாய்ந்து போய், தண்ணீரில் மிதக்கும் பொம்மை மனிதனை இழுத்து வர வேண்டும். வண்டி அவரவர் கொண்டுவர வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அப்பா, ஓய்வுபெற்ற படகோட்டி ஒருவரிடம் பழைய வண்டி ஒன்றை வாங்கினார். அவர் ஏரியில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அது வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

"இந்தப் பெட்ரோல் வாசம் மண்டையைப் பிளக்குதே!" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார் கண்ணாடிக்காரர்.

தையல் வேலை செய்யும் மனைவி, நூலை மெழுகுக் கட்டியில் உருவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் வாசம் குறைந்திருந்தது. மூக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, இன்ஜின் சூடாகாமலிருக்கத் தோட்டக் குழாயை மாட்டி வண்டியைக் கிளப்பினார். மூன்றே நிமிடம் ஓடியது. இருமியது. நின்றது.

"கார்புரேட்டர்தான், சந்தேகமே இல்ல," என்றான் வேன் ஓட்டும் மைத்துனன்.

"அது என்னப்பா பண்ணும்?"

"பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டற சமையல்காரன், அத்தான். சமையல் சரியில்லன்னா சாப்பிடறவன் இருமத்தானே செய்வான்? அதுல ரெண்டு திருகு இருக்கு பாருங்க."

திருகு என்றதும் கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது. எறும்புத் தலை அளவுத் திருகையெல்லாம் திருகிய கை அது.

"எவ்வளவு திருகணும்?"

"காதால கேட்டுக்கிட்டே திருகணும்."

"எங்க தொழில்ல கண்ணாலதான் திருகுவோம்."

கண்ணால் திருகினார். கொட்டகையிலிருந்து கிளம்பிய புகை வேலியைத் தாண்டியது. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

"சார், காலையில வெள்ளைப் போர்வை காயப்போட்டேன். இப்ப கொடியில சாம்பல் கலர் போர்வை தொங்குது. இது உங்களுதுங்களா?"

போர்வையைத் தன் கையாலேயே துவைத்துக் கொடுத்தார் கண்ணாடிக்காரர்.

செவ்வாய்க்கிழமை கார்புரேட்டரைக் கழற்றி, மனைவியின் வெட்டு மேசையில் பரப்பிச் சுத்தம் செய்தார். உள்ளேயிருந்த குட்டி ஸ்பிரிங் ஒன்று துள்ளி எங்கோ போயிற்று. மூன்று பேரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். முந்தின நாள் கோட்டு வாங்கிப் போன வாடிக்கையாளர் புதன்கிழமை திரும்பி வந்தார்.

"அம்மா, தையல் பிரமாதம். ஆனா குனிஞ்சா முதுகுல ஏதோ குதிக்குது."

ஸ்பிரிங் கிடைத்தது. கோட்டு போயிற்று. பெட்ரோல் கையோடு பிரித்துத் தேடியதில் ஏழு இடத்தில் கறை.

வியாழக்கிழமை உள்ளேயிருந்த ரப்பர் சவ்வை மாற்றினான் மைத்துனன், தலைகீழாக. பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வந்து அவன் மீசையை நனைத்தது.

"டேய், ஒரு வாரத்துக்கு அடுப்புப் பக்கம் வந்துடாதே," என்றாள் அக்கா.

"நீ மட்டும் என்னவாம்? கண்ணாடிக்காரர் பொண்டாட்டி, கண்ணு மட்டும்தான் இல்ல!"

அந்தக் கேலி அவளைவிடக் கண்ணாடிக்காரரைத்தான் குத்தியது. கல்யாணமாகி முதல் முதலாக மாமனார் வீட்டுக்குப் போனபோது, நாற்காலி மெத்தையில் உட்கார்ந்தார். அடியில் ஏதோ நறநறத்தது. எடுத்துப் பார்த்தால் மாமனாரின் புத்தம் புது மூக்குக் கண்ணாடி. கண்ணாடி விற்கிற மாப்பிள்ளைக்கு இது அடுக்குமா? அவர் வேர்த்து நிற்க, மனைவி அதை வெடுக்கென்று பிடுங்கி, "அப்பா, நான்தான் பார்க்காம உட்கார்ந்துட்டேன்," என்றாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயர் அவள் தலையில். விடாமல் சொல்லிக்காட்டுபவன் அப்போது பன்னிரண்டு வயதாயிருந்த இந்தத் தம்பிதான். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று கண்ணாடிக்காரர் பிரார்த்தனையில்கூடக் கேட்டதுண்டு.

வெள்ளிக்கிழமை சவ்வை நேராக்கி, திருகுகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்காரர் டாங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். மூடுவார். கிளப்புவார். மூன்று நிமிடம். இருமல்.

"படகுக்காரன் உங்க தலையில கட்டிட்டான், அத்தான்."

"ஒருத்தரைத் திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி எல்லாத் திருகையும் பார்த்துடணும்ப்பா."

படகோட்டிக்குப் போன் செய்தார். "எங்கிட்ட மணிக்கணக்குல ஓடுச்சுங்களே!" என்று அந்தக் குரல் தழுதழுத்தது. கண்ணாடிக்காரர் அதை நம்பினார்.

சனிக்கிழமை மதியம். மகள் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பரவாயில்லப்பா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கொட்டகைக்குள் போய், கடைசி முறையாகப் பெட்ரோலில் கலக்கப் புது எண்ணெய் டப்பாவில் ஓர் ஓட்டை போட்டுச் சரித்தார். எண்ணெய் விக்கி விக்கி விழுந்தது.

டப்பாவுக்கும் மூச்சு முட்டுமா?

கை நின்றது. டாங்க் மூடியை மெல்லத் திருகினார். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே ஓடியது, மூழ்கி எழுந்தவன் இழுக்கும் மூச்சு மாதிரி. பெட்ரோல் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டுமே! இத்தனை நாளும் வண்டியை மூன்று நிமிடம் ஓட வைத்தது திருகு இல்லை, மூடியைத் திறந்ததுதான். டாங்கிலிருந்து கிளம்பிய மெல்லிய காற்றுக்குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். நுனியில் ஓர் அடைப்பு.

மெழுகு. அதில் ஒரு நீல நூல். அழுத்திய கட்டைவிரலின் ரேகை.

அவருக்குத் தலைவலி வரக் கூடாதென்று வாசம் வந்த துளையை அடைத்த கை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. சொன்னால் தம்பி ஆயுசு முழுக்கப் பாடுவான். மகளின் தேர்வைக் கெடுக்கப் பார்த்தேனே என்று அவளும் ஆயுசு முழுக்க அழுவாள்.

கொட்டகையில் யாரும் இல்லை. மெழுகைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆண்டவனே, இருபத்திரண்டு வருஷக் கடன், என்று முணுமுணுத்தார்.

வண்டி மூன்று நிமிடம் ஓடியது. நாலு. ஐந்து. ஒன்பதாவது நிமிடம் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"என்ன பண்ணீங்க அத்தான்?"

"காத்துக்குழாயை நானே அடைச்சு வச்சிருந்தேன். தப்பு என்னுதுதான்."

மைத்துனன் வாயைத் திறந்தான். என்ன தோன்றியதோ, வேன் கதவைத் திறக்க ஓடினான். வண்டியை அவன் வேனில் ஏற்றிக்கொண்டு பறந்தார்கள்.

ஏரியில் மகள் எழுந்து நின்றாள். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. திரும்பி வந்தபோது பொம்மை மனிதன் அவள் பிடியில் இருந்தான். மற்றவர்கள் பாதி வழியில்தான் இருந்தார்கள். அதிகாரி நேரத்தைப் பார்த்தார். நம்பாமல் கடிகாரத்தைக் காதில் வைத்துக்கூடப் பார்த்தார். முதலிடம்! கூடவே வந்திருந்த பக்கத்து வீட்டு ஆசிரியை, கண்ணாடிக்காரர் துவைத்துக் கொடுத்த வெள்ளைப் போர்வையைக் கொடியாக ஆட்டினார். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

கண்ணாடிக்காரர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனசு பஞ்சாக இருந்தது. கணக்கு நேராகிவிட்டது.

அப்போது மைத்துனன் அவரை வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"அத்தான், நாலு பேர் முன்னாடி எவ்வளவு சுலபமா தப்பை ஒத்துக்கிட்டீங்க! எனக்கு இத்தனை வருஷமா அந்தத் தைரியம் வரல." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க... அப்பாவோட அந்தக் கண்ணாடி, அவ உட்கார்றதுக்கு முன்னாடியே என் பந்து பட்டு உடைஞ்சிடுச்சு; நான்தான் அதை மெத்தைக்கு அடியில வச்சேன்."