மூக்குச் சாரும் சனிக்கிழமை எண்ணெயும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்கப்புறம் இந்தக் கை செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். காரைக்குடி வட்டாரத்தில் எத்தனையோ மொட்டை மாடிகளில் நிற்கிற ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சறுக்கி விளையாட ஒரு முதலை. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குத் தும்பிக்கை ஆட்டும் யானை. "ஃபைபரா? நம்ம ஊரு வெயிலுக்கு உருகி ஓடிரும்டா" என்று சிரித்த ஊரில், ஒரு வாளியும் ஒரு பிரஷ்ஷுமாக ஆரம்பித்தவன் நான். கடைசியாகச் செய்தது ஆகாய விமானத்தின் மூக்கு. மானகிரியில், என் தகரக் கொட்டகையில்.

இப்பேர்ப்பட்ட என்னையே வாயடைக்க வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். தாய் தகப்பன் வைத்த பேர் ஏதோ இருக்கும். எங்கள் பட்டறையில் அவர் மூக்குச் சார்.

ஒரு கம்பெனி புதிதாகப் பயணிகள் விமானம் செய்கிறது. தகடு கிடையாது, கார்பன் துணியை அடுக்கடுக்காகப் பசையில் ஒட்டிச் செய்வது. அதில் பைலட் உட்காருகிற முன்பக்கத்தை, அதாவது மூக்கை, வரைந்து செய்து முடிப்பது இவர் பொறுப்பு. அசலுக்கு முன்னால், அதே அளவில் ஃபைபரில் ஒன்று செய்து, அந்த வளைவில் துணி மடங்காமல் படிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். யாரோ என் யானையைப் பற்றிச் சொல்ல, நேராகக் கண்டனூருக்குப் போயிருக்கிறார். யானையின் வயிற்றில் காதை வைத்து, ஒரு ரூபாய்க் காசால் உடம்பெல்லாம் தட்டியிருக்கிறார். காவல்காரர் ஆளைப் பிடிக்கப் பார்த்தாராம்.

பிறகு என்னிடம் வந்து சொன்ன முதல் வார்த்தை: "யானை அருமை, பெரியவரே. வலது காது மட்டும் சரியா ஒட்டலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வலது காது கல்யாணத்துக்கு முதல்நாள் அவசரத்தில் ஒட்டியது. எனக்கும் அந்த யானைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

அடுக்குகள் நன்றாக ஒட்டியிருந்தால் 'டிங்' என்று கேட்கும். உள்ளே ஒட்டாமல் இருந்தால் 'தொப்' என்று கேட்கும். அதுதான் கணக்கு. மனிதர் டீ டம்ளரைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார், இட்லியையும் தட்டுவார். பிள்ளையார்பட்டிக் கோயிலில் தூணைத் தட்டப் போய்க் குருக்களிடம் திட்டு வாங்கினார். வெளியே வந்து, "குடைவரைங்க! மொத்தமும் ஒரே பாறை. ஒட்டுற பிரச்சினையே இல்ல. குடுத்து வச்சவங்க" என்று பெருமூச்சு விட்டார். அந்த விமானத்தின் வாலைப் பற்றிக் கேட்டால், "வால் எனக்குத் தெரியாது. அது வேற ஆளு" என்பார், யாரோ பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போல.

பசைக்கு ஜென்மப் பகை எண்ணெய். ஒரு சொட்டு பட்டால் போதும், அடுக்கு ஒட்டாது. அதனால் தினமும் காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு தலையையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். இருபது வருஷமாக என்னிடம் இருக்கிற மேஸ்திரி கருப்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன சார், மல்லியப்பூவ மோந்து பாக்குற மாதிரி பாக்குறீக? எண்ணெ வைக்காம இந்த வெயில்ல நின்னா மண்டை வெடிச்சுரும்."

"மண்டை வெடிச்சா கீழ ஆஸ்பத்திரி இருக்கு கருப்பையா. மூக்கு வெடிச்சா மேல ஒண்ணும் இல்ல."

துணி மூக்கு வளைவில் மடங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். நான்தான் சொன்னேன்: "இட்லித் துணி விரிக்கிறதப் பாத்ததில்லையா சார்? நடுக்குழியில மொதல்ல அமுக்கி, அங்குட்டு இங்குட்டுன்னு ஓரத்துக்கு நீவிக்கிட்டே போகணும்." அப்படியே செய்தார், படிந்தது. வழி சொன்னவன் நான்.

வெள்ளிக்கிழமை அவர் முகம் சரியில்லை. "இந்தக் கொட்டகைல செய்யலாம்னு நான்தான் மேலதிகாரிங்ககிட்ட அடம் பிடிச்சேன். திங்கட்கிழமை சோதனைல தேறலைன்னா வேலை வேற ஊருக்குப் போயிரும். என்னையும் மூக்குலேருந்து எடுத்துருவாங்க."

"எடுத்து?"

"சீட் பெல்ட்டுக்குப் போட்டுருவாங்க" என்றார், சுடுகாட்டுக்குப் போகிறவர் குரலில்.

மறுநாள் கடைசி அடுக்கு. சனிக்கிழமை. நான் எண்ணெய்க் குளியல் தவறாத மனிதன். சீயக்காய் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் போனேன். ஒரு இடத்தில் துணி லேசாக மடங்கியிருந்தது. என் கை சும்மா இருக்குமா? தோள் துண்டை எடுத்து நீவிவிட்டேன்.

திங்கட்கிழமை சோதனைக்குக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு தம்பியும் வந்தார்கள். அந்த அம்மா சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டிங். டிங். டிங். எங்களுக்கு உச்சி குளிர்ந்தது.

தொப்.

ஒரு சாண் அகலத்துக்குத் தொப். கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசம். சனிக்கிழமை காலையில் தலை துவட்டிய அதே துண்டு!

"இந்த இடத்துல வேலை பாத்தது யாரு?" என்றார் அந்த அம்மா.

எழுபது வருஷமாக ஓயாத வாய் எனக்கு. அன்றைக்கு நாக்கு எழும்பவில்லை. அதற்குள் மூக்குச் சார் முன்னால் வந்தார். "நான்தான் மேடம். என் தப்பு." அந்த அம்மா எழுதிக்கொண்டார். தொப் கேட்ட இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, வரைபடத்தை விரித்து, டேப்பை வைத்து அளந்தார். இரண்டு முறை அளந்தார்.

"இது ஜன்னல் வர்ற இடமாச்சே. வெட்டி எடுத்துட்டு கண்ணாடிதானே போடப்போறீங்க?"

வட்டம் முழுக்க வெட்டுக்கோட்டுக்கு உள்ளே. நாலு விரல் மிச்சம்! மீதி மூக்கு பூராவும் டிங். தேறிவிட்டது. மூக்குச் சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், மூச்ச விடுங்க சார்!" என்று கருப்பையா விசிறினான்.

அன்று எட்டுப் பணியாரம் சாப்பிட்டார், ஒன்றைக்கூடத் தட்டவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சனிக்கிழமை வாசல்லயே வாசம் வந்துச்சு, பெரியவரே. வயசுல மூத்தவர், எப்படித் தடுக்கிறதுன்னு விட்டுட்டேன். அதுதான் என் தப்பு. நீங்க ஓரமா நிப்பீங்கன்னு நெனச்சேன்."

"நானா? ஓரமாவா?"

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

ஆனால் அந்த ரிப்போர்ட்டில் இன்னும் அவர் பேர்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்காரர்கள் யாராவது இந்தப் பத்திரிகையைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நல்லது நடந்த பக்கங்களில் யார் பேரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். இட்லித் துணியைக்கூட விட்டுத் தருகிறேன். 'தொப்' என்று எழுதிய பக்கத்தில் மட்டும் அவர் பேரை அடித்துவிடுங்கள். துண்டு என் துண்டு. எண்ணெய் என் தலை எண்ணெய். அங்கே என் பேர்தான் வர வேண்டும்.