மருதாணிக் கோனில் அடைத்த மாவுச்சத்து

மனைவி நெடுந்தூரம் ஓடும்போது கணவன் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, பேசாமல் தள்ளி நிற்பதுதான். இந்த உண்மை எனக்குப் புலப்பட்டபோது, மணமை என்ற கிராமத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கழிப்பறையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நாங்கள் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருந்தோம். நான் கரூர்க்காரன், அணுமின் நிலையத்தில் பம்புகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை. விமலா செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள், கணக்கு டீச்சர். வகுப்பில் சுத்தமான தமிழ் பேசுவாள். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே அதையும் கழற்றி வைத்துவிடுவாள்.

முட்டுக்காடு படகுத்துறையில் தொடங்கி சதுரங்கப்பட்டினம் கோட்டை வாசலில் முடிகிற ஓர் ஓட்டம் உண்டு. முப்பத்திரண்டு கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முந்தைய வருடம் அதில் ஓடிய விமலா, மாமல்லபுரம் திருப்பத்தில் கால் நகராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் ஒரு மாணவி, "மிஸ், நீங்க வேன்லயா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டாளாம். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "அடுத்த வாட்டி நடந்தாவது முடிச்சிடணும்ங்க" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு ஒரு வருடம், மழையானாலும் விடியற்காலையில் ஷூ சத்தம் கேட்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். (இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.) ஆனால் அவள் ஏன் உட்கார்ந்தாள் என்று ஆராயத் தொடங்கினேன். விஷயம் இதுதான்: நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரைச் சத்தாக மாறி, தசையிலும் ஈரலிலும் கொஞ்சம் சேமிப்பாக இருக்கிறது. கடுமையாக ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குள் அது கிட்டத்தட்டக் காலி. வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் கால் ஓடும். இதற்கென்றே ஓட்டக்காரர்கள் ஜெல் என்று ஒன்றைப் பிதுக்கிச் சாப்பிடுகிறார்கள். மணிக்கு முப்பது முதல் அறுபது கிராம் போதும், கூடவே வெறும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று படித்த எல்லா இடத்திலும் போட்டிருந்தது.

போதும் என்பது எங்கள் பிரிவில் கெட்ட வார்த்தை. எங்களிடம் ஒரு பம்பு ஓடினால் பக்கத்தில் இன்னொன்று தயாராக நிற்கும். அதுவும் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று மூன்றாவதாக ஒன்று நிற்கும். இருபது வருடம் இப்படி வேலை பார்த்தவன் புத்தி எப்படிப் போகும்? அரை மணிக்கு ஒரு ஜெல், அது பிரதானம். ஜெல் வேலை செய்யாவிட்டால் சர்க்கரைக் கரைசல். கரைசலும் கைவிட்டால் பேரீச்சம்பழம். மூன்றையும் ஒன்றாகவே கொடுத்துவிட்டால் கவலையே இல்லை என்று முடிவு கட்டினேன். பம்பு நின்றால்தான் அடுத்ததை ஓட்டுவோம், மூன்றையும் சேர்த்து ஓட்டினால் குழாய் வெடிக்கும் என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவே இல்லை.

ஜெல்லை நானே தயாரித்தேன். மாவுச்சத்துப் பொடி, குளுக்கோஸ், எலுமிச்சை, உப்பு, எல்லாம் போட்டுக் கிண்டியதில் கண்ணாடி அல்வா மாதிரி ஒன்று வந்தது. அதை எதில் அடைப்பது? கடைகடையாக ஏறி இறங்கி, காலி மருதாணிக் கோன்கள் வாங்கி வந்தேன். மேசையில் எட்டுக் கோன்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நேரம் எழுதி ஒட்டினேன்.

"இன்னாங்க இது, கல்யாண வூடு மாதிரி?" என்றாள் விமலா.

"எனர்ஜி."

"ஒரு நாள் ப்ராக்டீஸ்ல சாப்ட்டுப் பாக்கலாம்ங்க."

"அவசியமே இல்லை. கணக்கெல்லாம் போட்டாச்சு."

கணக்கு டீச்சரிடம் போய்க் கணக்குப் போட்டாச்சு என்றேன் பாருங்கள், அங்கே நிற்கிறேன் நான்.

ஓட்டக்காரர்களோடு ஒருவர் சைக்கிளில் கூட வரலாம் என்பது விதி. விடிகிற நேரத்தில் முட்டுக்காட்டில் கொடி அசைந்தது. சைக்கிளில் மூன்று பாட்டில், மூன்றிலும் சர்க்கரைக் கரைசல். முன்கூடையில் கோன்களும் பேரீச்சம்பழ டப்பாவும். அவளுக்குக் கொடுப்பதை நானும் அதே நேரத்தில் அதே அளவு சாப்பிடுவது என்று ஒரு கொள்கை வேறு வைத்திருந்தேன். அதனால் எனக்கும் தனியாக எட்டுக் கோன். மனைவிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு நாம் சும்மா வந்தால் அது நேர்மையா? (அவள் ஓடுகிறாள். நான் சாவகாசமாகப் பெடலை மிதிக்கிறேன். இந்த வித்தியாசமும் கணக்கில் வரவில்லை.)

கோவளம் தாண்டி முதல் கோன். "நல்லா கீதுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வடநெம்மேலியில் இரண்டாவது.

"வாயெல்லாம் ஒட்டுது. தண்ணி குடுங்க."

பாட்டிலை நீட்டினேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "சும்மா தண்ணி இல்லியா?"

"சர்க்கரைத் தண்ணியும் தண்ணிதானே விமலா!"

அவள் அடுத்த தண்ணீர்ப் பந்தலில் ஒதுங்கி இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தாள். நான் கடமையே கண்ணாக மூன்றாவது கோனை நீட்டினேன், நான்காவதை நீட்டினேன், எனக்கானதையும் பிதுக்கி விழுங்கினேன், பழத்தையும் மென்றேன். பட்டிபுலத்தில் வயிறு லேசாக உருண்டது. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மாமல்லபுரம் திருப்பம் வந்தது. போன வருடம் அவள் உட்கார்ந்த இடம். விமலா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். தாண்டி நூறடி போனதும் ஒரு கையை மட்டும் மேலே தூக்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படிப் போடு!" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கழன்ற மாதிரி இருந்தது.

கெட்டியான சர்க்கரை அளவுக்கு மீறிக் குடலில் போய் நின்றால், அது உடம்பிலிருக்கிற தண்ணீரையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளுமாம். இதுவும் நான் படித்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆறாவது கோன்வரை பிழைப்பை ஓட்டினேன். மணமை வந்தது. அதற்குமேல் ஒரு மிதிகூட மிதிக்க முடியாது என்று உடம்பு சொல்லிவிட்டது.

"நீ போ விமலா, நான் பின்னாடியே வந்துடறேன்."

"இன்னா ஆச்சு?"

"டயர்ல காத்து கம்மியா இருக்கு."

அவள் டயரைப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டும் என் முகத்தைப் பார்த்தாள். "போங்க, போங்க. சீக்கிரம் போங்க" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள்.

சாலையோரத்தில் முதல் வீடு. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா..."

அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அவருக்கும் தேவைப்படவில்லை. "பின்னாடி கீது, ஓடு! பக்கெட்ல தண்ணி மொண்டுகினு போ!"

நான் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வெளியே குரல் கேட்டது. "யோவ், நீ இப்பப் போவாத. உள்ள ஆளு கீது."

"யாரு?"

"தெரில. ஓட்டப் பந்தயக்காரரு."

கொஞ்சம் பொறுத்து அந்த அக்காவின் கணவர் கதவைத் தட்டினார், ஆட்டோ ஓட்டுபவர் போல. "அண்ணாத்த, எனக்கு சவாரி கீதுபா. மெதுவா வா, ஒண்ணும் அவசரம் இல்ல, ஆனா சீக்கிரம் வா."

வந்தேன். அவர் போனார். அவர் வந்ததும் நான் மறுபடி போனேன். மூன்றாவது முறை வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். அந்த அக்கா பாவம், ஒரு சொம்பை நீட்டினார். "ஒடம்பு தண்ணியெல்லாம் போயிருக்கும். சக்கர, உப்பு போட்டு கலக்கிக்கினு வந்தேன். குடி."

சர்க்கரை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நான்காவது முறையாக உள்ளே ஓடினேன்.

கடைசியில் முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போகும் வேனில்தான் ஏறினேன். உள்ளே இருந்தவர் பட்டியலை விரித்து, "நம்பர் சொல்லுங்க சார்" என்றார்.

"நான் ஓடல."

"ஓடாமலேவா இந்த நிலைமை?" என்றார் நிஜமான கவலையோடு.

சதுரங்கப்பட்டினம் கோட்டை நிழலில் விமலா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் பதக்கம். பன்னிரண்டு நிமிடம் மீதம் வைத்து முடித்துவிட்டாள். எங்கள் மகள் கயல் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். விமலா முடிவுக் கோட்டைத் தாண்டுகிறாள். கைதட்டுகிறார்கள். அவள் நின்று இடப்பக்கம் பார்க்கிறாள், வலப்பக்கம் பார்க்கிறாள், வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறாள். என்னைத்தான் தேடுகிறாள். ஒரு வருடம் நான் காத்திருந்த ஒரு நிமிடம் அது. ஜனங்களுக்கு நடுவில் நின்று அழுதேன்.

"அட, அழாதீங்க. வயிறு எப்படி கீது?" என்று கேட்டபடி அவள் இடுப்புப் பையிலிருந்து இரண்டு கோன்களை எடுத்து வைத்தாள். பிரிக்கவே இல்லை.

"நீங்க குடுத்த ஆறுல மூணுதான் சாப்ட்டேன், மத்தத நீங்க பாக்காதப்ப பையில போட்டுக்கினேன். உங்க கணக்குல பாதி போதும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். மூணு மிச்சம் இருந்துச்சு. கடைசில கால் தளர்ந்தப்ப ஒண்ணு சாப்ட்டு, மேல தண்ணி குடிச்சேன். சும்மா சொல்லக் கூடாதுங்க, கால் கேட்டுச்சு."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"லேபிள் எல்லாம் எழுதி ஒட்டிக்கினு நின்னீங்களே, அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

எட்டு வருடம் ஆகிவிட்டது. விமலா இப்போதும் ஓடுகிறாள், ஜெல்லும் சாப்பிடுகிறாள், அளவோடு. புதிதாக ஓட வரும் பெண்கள் எந்த ஜெல் நல்லது என்று கேட்டால், "எதுவா இருந்தாலும் மொதல்ல உங்க வூட்டுக்காருக்குக் குடுங்க. அவரு நல்லா இருந்தா அப்புறம் நீங்க சாப்டுங்க" என்கிறாள். எங்கள் வீட்டில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. புதுப் பலகாரம் எது வந்தாலும் முதல் துண்டு எனக்குத்தான்.

போன மாதம் செங்கல்பட்டில் ஒரு கல்யாணப் பந்தி. பாயசம் பரிமாறினார்கள். என் மாமனார், மைத்துனர்கள், கயல், வரிசையில் ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் எடுத்துக் குடித்தேன். விமலா மட்டும், சாம்பார் வாளியோடு வந்தவரை நிறுத்தி, மண்டபத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.