தந்தை, வயது எண்பத்திரண்டு

தந்தை, தாய், மனைவி, மகன், மகள். பட்டியல் அதோடு முடிந்துவிட்டது. விரலால் எவ்வளவு தள்ளிப் பார்த்தாலும் அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. நாய் இல்லை.

ஸ்டோர் கீப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பம்ப் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். தொழிற்சாலையை இழுத்து மூடி எட்டு மாதம் ஆகியும் தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்தேழு. இந்த எட்டு மாதத்தில் பதினாறு இடங்களில் வேலை கேட்டுவிட்டார். பாதிப் பேர், "உங்க அனுபவத்துக்கு ஏத்த வேலை எங்ககிட்ட இல்லைங்களே" என்று மரியாதையாக அவர் வயதைச் சொல்லிக்காட்டினார்கள். மீதிப் பேர் வேலை தரத் தயார்தான். ஆனால் எல்லாமே ராத்திரி ஒன்பது வரை இழுக்கிற வேலை.

அங்கேதான் இடித்தது. அவர் வீட்டில் ஏழு மணிக்கு ஊசி.

ஊசி குண்டனுக்கு. மகள் கல்லூரியில் படித்தபோது புத்தகப் பையில் வைத்துக் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைக் குட்டி. மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள், குட்டி தங்கிவிட்டது. இப்போது பதின்மூன்று வயது. சர்க்கரை வியாதி வந்து உடம்பு இளைத்தாலும் பேர் மட்டும் இளைக்கவில்லை. காலை ஏழு, மாலை ஏழு, சாப்பிட்ட கையோடு ஊசி போட வேண்டும். வேளை தப்பினால் உயிருக்கே ஆபத்து என்று கால்நடை மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். பள்ளிச் சீருடைகள் தைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு, தையல் ஊசியைத் தவிர வேறு எந்த ஊசியைப் பார்த்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். ஃபிரிட்ஜில் இருந்த மருந்துச் சீசா இன்னும் பத்தொன்பது நாளைக்குத்தான் தாங்கும். அதற்குள் ஒரு வேலை வேண்டும். அது ஏழு மணிக்குள் வீட்டுக்கு விடுகிற வேலையாகவும் இருந்து தொலைய வேண்டும்.

இந்தக் கம்பெனி வயதானவர்களுக்கான கட்டில், ஊன்றுகோல், சக்கர நாற்காலி செய்கிற கம்பெனி. கிடங்குக்குப் பொறுப்பாளர் தேடினார்கள். அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. விண்ணப்பத்தைச் செல்போனிலேயே நிரப்ப வேண்டும். 'மாலை ஷிப்டில் வர இயலுமா?' என்ற கேள்விக்கு 'இயலாது' என்று அழுத்தினார். 'காரணம்?' என்றது. 'வீட்டில் ஒருவரைப் பராமரிக்க வேண்டும்' என்று அழுத்தினார். 'உறவுமுறை?' என்று சிவப்பு எழுத்தில் கேட்டுவிட்டு, பதில் வராமல் நகரமாட்டேன் என்று நின்றுகொண்டது.

முதலில் மனசாட்சிப்படி 'மகன்' என்றுதான் அழுத்தினார். வயது பதின்மூன்று. உடனே, எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, போன வருஷத்து மதிப்பெண் என்ன என்று மூன்று கட்டங்கள் முளைத்தன. குண்டனுக்குப் படிப்பு வாசனையே கிடையாது. அழித்தார்.

கால்நடை மருத்துவமனைச் சுவரில் தொங்கிய அட்டவணை அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாய்க்குப் பதின்மூன்று என்றால் மனிதக் கணக்கில் எண்பத்திரண்டு.

'தந்தை' என்று அழுத்தினார். பக்கம் சட்டென்று நகர்ந்தது.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்க அப்பா போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

"தெரியும். பையனுக்கு ஒரு வேலைன்னதும் திரும்பி வந்திருக்காரு."

"வந்தவரு சோபாவுல ஏறிப் படுத்திருக்காரு, பாருங்க. மாமனாராச்சேன்னு விரட்டவும் முடியல" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மெஷினை மிதித்தாள்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஆள் எடுக்கிற அதிகாரி அம்மாள். வேலையைப் பற்றி இரண்டே கேள்விகள் கேட்டார். அப்பாவைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார். ஸ்டோர் கீப்பருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எனவே ஒரே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் உண்மையாகவே சொன்னார். சர்க்கரை இருக்கிறது. ஒரு கண்ணில் புரை. பின்னங்… கால் இரண்டும் பிடிப்பு. படி ஏறமாட்டார்.

"குளியல் எல்லாம் தானே பார்த்துக்குவாரா?"

"நாங்கதான் மேடம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை."

போனில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

"பகல்ல தனியா இருப்பாரா?"

"தூங்கிடுவாரு. தபால்காரர் வந்தா மட்டும் கொஞ்சம் சத்தம் போடுவாரு."

"அப்படியா" என்றார் அந்த அம்மாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் தங்கள் கம்பெனியில் நிறையப் பேர் என்றும், அப்படிப்பட்டவர்களை முதலாளிக்கு மிகவும் பிடிக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

முதலாளிக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது மறுநாள் தெரிந்தது. வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் ஒரு சக்கர நாற்காலியை இறக்கி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அப்பாவுக்குக் கம்பெனியோட அன்பளிப்பு சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். புத்தம் புதிது. நீலநிற மெத்தை, பின்னால் பை, காலுக்குப் பலகை.

வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். வாங்கினால் பாவம் வரும். ஸ்டோர் கீப்பர் கூடத்தின் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே குண்டன் அதை இரண்டு தரம் சுற்றிவந்து மோந்து பார்த்தது. கால்பலகையில் ஒரு காலை வைத்தது. மெத்தையில் ஏறிச் சுருண்டு படுத்தது. அன்றிலிருந்து அது அவ்விடத்தை விட்டு இறங்குவது சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் மட்டும்தான் என்றாகிவிட்டது.

"பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. "மெத்தையெல்லாம் ஒரே முடி. மாமாவுக்குக் கொஞ்சம் தலை வாரி விடுங்க."

அடுத்து ஒரு கடிதம் வந்தது. அதிகாரி வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு நேரில் வந்து தந்தையைப் பார்ப்பார், வேலை பற்றிய முடிவை அங்கேயே சொல்வார். சீசாவில் அப்போது பதினொரு நாளைக்கு மருந்து இருந்தது.

அவசரத்துக்கு ஒரு அப்பா தேவைப்பட்டார். மாடியில் ஒருவர் இருந்தார்.

மாடி வீட்டுக்காரர் எழுபத்தாறு வயது நாடக நடிகர். ஓய்வு பெற்றுவிட்டதாக அவரைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பாவுக்கு எத்தனை பக்கம் வசனம், தம்பி?"

"வசனமே இல்லைங்க. சும்மா உக்காந்திருந்தா போதும். பேச்சு வராதுன்னு சொல்லிடறேன்."

"பேச்சு வராதா?" நடிகரின் முகம் வாடிவிட்டது. "இருமலாவது உண்டா?"

இருமலுக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்கே நடிகர் முகத்துக்குப் பவுடர் பூசி, கண்ணுக்குக் கீழே கருப்பாகத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாற்காலியிலிருந்து குண்டனை இறக்குவதற்குத்தான் கணவனும் மனைவியுமாகப் போராட வேண்டியிருந்தது. இறங்கிய குண்டன் நேராக நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, நடிகரை வைத்த கண் வாங்காமல் பார்க்க ஆரம்பித்தது. அந்தப் பார்வையில் நடிகருக்கு இருமல் நிஜமாகவே வந்தது.

அதிகாரி அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, இரும்புப் பெட்டி மாதிரி முகம். இரண்டு விரல்களில் பிளாஸ்திரி. உட்காருவதற்கு முன்பே கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார். மூலையில் இருந்த தட்டு, வாசலில் தொங்கிய கழுத்து வார், நீல மெத்தையில் ஒட்டியிருந்த வெள்ளை முடி எல்லாம் அந்தப் பார்வையில் அடங்கின.

"நல்லா இருக்கீங்களாய்யா?" என்று நடிகரைக் கேட்டார்.

நடிகர் இருமினார். சின்னதாக ஆரம்பித்து, கையை உயர்த்தி, உடம்பைப் பின்னால் வளைத்து, ஏறக்குறைய ஒரு நிமிஷம் இருமினார். முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் காத்திருந்த மாதிரி இருந்தது.

ஸ்டோர் கீப்பருக்கு ஒரே நோக்கம்தான். ஏழு மணிக்கு முன்னால் இந்த அம்மாளை அனுப்பிவிட வேண்டும். முப்பத்தொரு வருஷ சர்வீஸ் சான்றிதழ்களை வேகவேகமாக எடுத்துக் காட்டினார். அந்த அம்மாளோ ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தார். சுவர்க் கடிகாரத்தில் முள் ஏறிக்கொண்டே போனது. ஆறு ஐம்பதுக்கு மனைவி உள்ளே போய் வேகவைத்த கோழியும் காரட்டும் பிசைந்த தட்டை அடுப்படியில் சத்தமில்லாமல் வைத்தாள். குண்டன் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

ஏழுக்குச் செல்போனில் அலாரம் அடித்தது.

"ஊசி நேரமா?" என்றார் அதிகாரி. "போடுங்க. நானும் பார்க்கிறேன்."

"உள்ள கூட்டிட்டுப் போய்ப் போட்டுடறேன் மேடம். அப்பாவுக்குக் கூச்சம்."

"நாங்க பார்க்காத ஊசியா. இங்கேயே போடுங்க."

ஃபிரிட்ஜைத் திறந்து, சீசாவை உள்ளங்கையில் உருட்டி, ஊசியில் மருந்தை ஏற்றினார். நடிகரின் சட்டைக் கையை மடித்துவிட்டு, குத்தினாற்போல் பாவனை செய்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார். அதை நடிகரிடம் முன்கூட்டியே சொல்ல மறந்துபோனதுதான் பிசகு.

ஊசிமுனை ஒரு சாண் தூரத்தில் வந்ததும், கால் பிடிப்பினால் படி ஏறமாட்டாத அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"தம்பி, இருமல் வரைக்கும்தான் பேச்சு" என்று கணீரென்ற குரலில் சொன்னார். செருப்பைக்கூட மாட்டாமல், மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மறைந்தார்.

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

காலியான நாற்காலியில் குண்டன் மெதுவாக ஏறியது. ஒரு தரம் சுற்றி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கழுத்தைத் தாழ்த்தியது. ஏழு மணி அலாரத்துக்கு அது பதினான்கு மாதமாகச் செய்கிற காரியம்.

ஓடிப்போய் நடிகரைப் பிடிக்கலாம். அந்த அம்மாள் காலில் விழலாம். ஏதாவது புதுப் பொய் சொல்லிப் பார்க்கலாம். ஸ்டோர் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இரண்டு. பேசாமல் குனிந்து, பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி, ஊசியைப் போட்டார். தேய்த்துவிட்டார். மேஜை மேலிருந்த நோட்டை எடுத்து, தேதி, நேரம், அளவு, சீசாவில் இன்னும் எத்தனை நாளைக்கு மீதி என்பது வரை எழுதினார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"இவன்தான் மேடம்" என்றார். "படிவத்துல இவனுக்கு இடம் இல்ல. அதான் அப்படிப் போட்டுட்டேன். உங்க நேரத்தை வீணாக்கினதுக்கு மன்னிச்சிடுங்க."

அதிகாரி கையை நீட்டினார். "அந்த நோட்டு."

பதினான்கு மாதத்தையும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். காலை ஏழு, மாலை ஏழு. சாப்பிட்டான். பாதிதான் சாப்பிட்டான். ஒரு நாள் வாந்தி, டாக்டரைக் கேட்டு அளவு குறைத்தது. தொழிற்சாலை மூடிய அன்றைக்கும் காலை ஏழு, மாலை ஏழு. ஒரு வரி விடுபடவில்லை. அந்த அம்மாள் பிளாஸ்திரி போட்ட விரலை அந்தத் தேதியில் வைத்தார்.

"எங்க கிடங்குல மூணு வாரமா சரக்குப் பதிவேட்டுல ஒருத்தரும் பேனாவை வைக்கல" என்றார். "திங்கட்கிழமை வந்துடுங்க. எட்டுலேருந்து அஞ்சு. ஆறு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பீங்க. முதல் நாளே முன்பணம் கேட்டு எழுதிக் குடுங்க, சீசா தீர்றதுக்குள்ள வந்துடும்."

அப்பா என்று எழுதியதற்கு என்ன செய்வது என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர்.

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். முதலாளி சந்தோஷமா இருக்காரு." கைக்கடிகாரத்தைப் பார்த்தவர் அவசரமாக எழுந்தார். "எட்டு மணிக்கு எங்க மாமியாருக்கு மாத்திரை. நான் குடுத்தாத்தான் முழுங்குவாங்க. அதுக்கும் நாலு பேரைப் பிறாண்டிட்டுத்தான்."

அவர் போய் வாசலில் நின்ற அதே கம்பெனி வேனில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர் கீப்பருக்கு மனசு கேட்கவில்லை. குண்டனை மெல்ல இறக்கிவிட்டு, முடியைத் தட்டிவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேனின் பின்பக்கம் போனார். இதை வைத்துக்கொள்வது முறையில்லை, நிஜமாகவே ஒரு பெரியவர் இருக்கிற வீட்டில் கொண்டுபோய்க் கொடு என்று டிரைவரிடம் மெதுவாகச் சொன்னார்.

டிரைவர் நாற்காலியை வீட்டுப் பக்கமாகவே திருப்பிவிட்டான்.

"வெச்சுக்குங்க சார், மேடத்தோட மாமியாரையும் சேர்த்து இதுவரைக்கும் ஒன்பது பெரியவங்க வீட்டுல இறக்கியிருக்கேன், அதுல ரெண்டு பேருக்குத்தான் வால் இல்ல."