லென்ஸ் அங்கிளும் ஃபிராங்கின் துப்பாக்கியும்

அமெரிக்க ராணுவமே திரண்டு வந்து, "இது எங்கள் துப்பாக்கிதான்" என்று சத்தியம் செய்தாலும், லென்ஸ் அங்கிள் தலையாட்டாவிட்டால் அது டூப்புதான்.

எண்பதுகளில் அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் எங்களுக்கு எதிர் வீடு. மருந்துக் கம்பெனியில் வேலை. சுத்த சைவம். பர்த்டே பார்ட்டியில் பலூன் வெடித்தால் ஆன்ட்டியின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். வாழ்நாளில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஆனால் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் இரண்டாம் உலகப் போர் ஸ்னைப்பர் துப்பாக்கி ஒன்றை நீட்டினால், எந்தத் திருகாணி கூடவே பிறந்தது, எது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்று வம்ச வரலாறே சொல்வார்.

எப்படி என்று கேட்டேன்.

"எங்கப்பா கும்பகோணத்துல பாத்திரத்துல பேர் வெட்டறவர்ப்பா. சொம்பைக் கவுத்துப் பாத்தே எந்தக் கை வெட்டினதுன்னு சொல்லிடுவேன். துப்பாக்கி என்ன, நீட்டுச் சொம்பு!"

சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ். டிரைவிங் டெஸ்ட்டில் மூன்று முறை ஃபெயில். முதல் முறை, டெஸ்ட் வைத்தவரின் வாட்சை லென்ஸ் வைத்துப் பார்த்து "டூப்பு" என்றாராம். துப்பாக்கிக் கண்காட்சிகளில் அவர் தலை தெரிந்தால் பாதி வியாபாரிகள் மேஜைமேல் துணி போர்த்துவார்கள்.

நானோ துப்பாக்கிப் பத்திரிகைகளை விளம்பரம் உட்படப் படித்து, பாதி ஜெனரலாகியிருந்தேன். அவரை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டுவது என் பாக்கியம்.

ஒரு சனிக்கிழமை, எங்கள் அபார்ட்மென்ட்டில் ஹீட்டர் ரிப்பேர் பார்க்கும் ஃபிராங்க் வந்தார். செத்துப்போன அப்பா, தான் போரில் ஸ்னைப்பர் என்று சொல்லி ஒரு துப்பாக்கியை விட்டுப் போயிருந்தார். "அப்பா ஆர்மியில உருளைக்கிழங்கு உரிச்சவர்" என்பது அண்ணன் ராயின் கட்சி. இதில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ராய் எதிரிலேயே அங்கிள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

பிரிட்ஜ்வாட்டரில் ராய் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் துப்பாக்கியை வைத்தார்கள். மேலே டெலஸ்கோப். குண்டை ஏற்ற வளைந்த கைப்பிடி. ரத்தம் சூடேறிவிட்டது எனக்கு.

"ஒரிஜினல்!" என்று இங்கிலீஷிலேயே கத்திவிட்டேன். ஃபிராங்க் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அங்கிள் லென்ஸை எடுத்தார். இருபது நிமிஷம் ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தார். பிறகு தமிழில், "சரியா வரலையேப்பா" என்றார்.

"ஏன் அங்கிள்?"

"நிஜ ஸ்னைப்பர்ல டெலஸ்கோப்பைத் தாங்கற கட்டைக்கு இடம் விட்டு, கம்பெனிக்காரன் தன் பேர் எழுத்தை ரெண்டு பக்கமும் ஒதுக்கி அடிச்சிருப்பான். இதுல கட்டை எழுத்து மேலயே சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. சாதா துப்பாக்கி. அப்புறமா ஓட்டை போட்டு மாத்தியிருக்காங்க."

அதையே இங்கிலீஷில் சொன்னார். ராய் கைதட்டிச் சிரித்தார். ஃபிராங்க் துப்பாக்கி உறையை எடுத்தார்.

"இருங்க சார், இன்னும் முடியல." அங்கிள் துப்பாக்கியின் பின்புறத்து இரும்புத் தகட்டைக் கழற்றச் சொன்னார். உள்ளே மரத்தில் இரண்டு பெயர்கள், இங்கிலீஷில் எழுத்து எழுத்தாக அச்சு வைத்து அடித்தவை: ஃபிராங்க். ராய்.

ராய் தம்பியை முறைத்தார். "நேத்து நீயே அடிச்சதுதானே?"

ஃபிராங்க் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் வாசல் கதவு எங்கே என்று பார்த்துக்கொண்டேன்.

அங்கிள் லென்ஸை ராய் கையில் வைத்தார். "பாருங்க சார். ரெண்டு பேர்லயும் ஆர் எழுத்துக்குக் கால் உடைஞ்சிருக்கு. ஒரே அச்சு, ஒரே கை. நேத்து அடிச்சிருந்தா ஓரம் விரலைக் கீறும். இது எண்ணெய் ஏறி வழவழன்னு இருக்கு. முப்பது வருஷமாவது ஆகியிருக்கும். இந்தத் துப்பாக்கியில இது ஒண்ணுதான் ஒரிஜினல்."

ராய் குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். பிறகு கராஜுக்குப் போய், அப்பாவின் பழைய அச்சுப் பெட்டியோடு வந்தார். ஆர் அச்சைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தார். கால் உடைந்திருந்தது.

"சின்ன வயசுல கீழே போட்டு உடைச்சது நான்தான்" என்றார். அப்புறம் தம்பியைப் பார்க்காமலே, "காபி குடிக்கிறியா?" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. கூடவே, "ஒரிஜினல்!" என்று கத்திய வெட்கமும். பிளெய்ன்ஸ்பரோ முழுக்க இந்தக் கதையை அங்கிள் நூறு தடவை சொல்லியிருப்பார். அவர் சொல்லும் கதையில் மட்டும் ஒரு தடவையும் நான் அப்படிக் கத்தியதே இல்லை.