நின்ற இடத்தில் மூன்று சதவீதம்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நூறு சதவீதம். மாலையில் திரும்பியபோது தொண்ணூற்றேழு.

கார் நிறுத்திய இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் பிழையை மட்டுமே தேடிப் பழகிய கண்கள். அந்தச் சின்ன மின்சாரக் கார் வந்த நாளே நோட்டுப் போட்டுவிட்டார்: ஓடிய கிலோமீட்டர், ஏற்றிய யூனிட், ஆன செலவு. சார்ஜ் வீணாகக் கூடாதென்று வேலைக்கு பஸ்ஸில்தான் போனார்.

"மூணு சதவீதம் எங்க போச்சு?"

"நான் என்ன எடுத்துத் தாளிச்சிட்டேனா?" என்றாள் மனைவி.

"பகல்ல வீட்ல யாரு இருந்தா?"

"நானும் தம்பியும்தான்."

தம்பி என்றால் அவளுடைய தம்பி. வேலை தேடி வந்து நாலு மாதமாக மாடி அறையில் இருக்கிறான். மாடி அறை உலைபோல் கொதிக்கும்.

"மாப்ளே, ஏசி போட்டுக்கிட்டுக் காருக்குள்ள உக்காந்திருந்தியா?"

"சத்தியமா இல்ல மாமா."

"கேக்காமலே சத்தியம் பண்றான் பாரு!"

மறுபடி நூறு வரை ஏற்றிவிட்டு, மறுநாள் இரண்டு சாவிகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். போதாக்குறைக்கு, சார்ஜ் எவ்வளவு என்று இருந்த இடத்திலேயே காட்டும் கார் கம்பெனி ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டார். மணிக்கு நாலு முறை பார்த்தார். மாலையில் தொண்ணூற்று மூன்று.

"கள்ளச்சாவி போட்டிருக்கான்," என்றார் கனத்த குரலில்.

"அவன்கிட்ட சொந்தமா ஒரு நல்ல சட்டையே இல்ல. இதுல கள்ளச்சாவி வேறயா?"

மூன்றாம் நாள், மறுபடி நூறு வரை ஏற்றிவிட்டு, நான்கு கதவுகளுக்கும் குறுக்கே காகிதம் ஒட்டிக் கையெழுத்திட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆப்பைப் பார்த்தார். அன்று அவர் 'சரி' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிய காலண்டரில் பிப்ரவரிக்கு முப்பது நாட்கள் இருந்தன. மாலையில் கையெழுத்துகள் கலையாமல் இருந்தன. சார்ஜ் எண்பத்தெட்டு.

"ஒட்டின காகிதம் கிழியாம உள்ள போறான்னா, இவன் சாதாரண ஆள் இல்ல."

நான்காம் நாளும் நூறு வரை ஏற்றினார்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார். மாலையில் எண்பது.

வாசலிலேயே குரலை உயர்த்தினார். "திருடறதுக்குன்னே என் வீட்டுக்கு வந்தியாடா?"

தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. தம்பி மாடிக்குப் போய்ப் பெட்டியோடு இறங்கினான்.

"நான் வரேன்க்கா."

"இரு. நானும் வரேன்."

பிழை திருத்துபவர் திடுக்கிட்டார். "நீ எதுக்கு?"

"என் தம்பியைத் திருடன்னு சொன்ன வீட்ல எனக்கென்னங்க வேலை?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் கத்தாமல் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை.

"காலையில கம்பெனி ஆளை வரச் சொல்றேன். கார்ல எல்லாம் பதிவாகியிருக்கும். அவன் மேல தப்பில்லன்னா தெருவே கேக்க மன்னிப்புக் கேக்கறேன். போதுமா?"

"தெரு கேக்க வேண்டாம். அவன் கேட்டா போதும். தப்பு இருந்தா, நானே அவனை பஸ் ஏத்தி விடறேன்."

காலையில் கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். காரில் ஒரு வயரைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டி, வரி வரியாகப் படித்தாள். மனைவியும் தம்பியும் பெட்டிகளோடு படியில் நின்றார்கள்.

பிழை திருத்துபவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்து ஆப்பைப் பார்த்தார். எழுபத்தொன்பது.

"யாருன்னு தெரிஞ்சுதாம்மா?" என்றார், மைத்துனன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் சொன்னாள்: "காரை யாரும் தொடல சார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை யாரோ போன்லேர்ந்து இதைத் தட்டி எழுப்பி, சார்ஜ் எவ்ளோ இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சும்மா நின்னா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு சதவீதம்தான் இறங்கும்; முழிச்சு முழிச்சு பதில் சொல்லியே இதுக்கு இவ்ளோ சார்ஜ் இறங்கிப்போச்சு. இதோ, இப்பக்கூடக் கேட்டாங்க!"