நான்கு நாள் லீவும் ‘மற்றவை’யும்

திருப்பதி ஆலையின் மேலாளர் பொய்க்கணக்கு எழுதினார். அதை நம்பி, சித்தூரில் நன்றாக ஓடிய மிஷினை முடக்கிய முட்டாள் நான்.

இரண்டுமே ஒரே முதலாளியின் மாம்பழக்கூழ் ஆலைகள். ஓடவேண்டிய நேரத்தில் மிஷின் எவ்வளவு நேரம் ஓடியது, என்ன வேகத்தில் ஓடியது, எவ்வளவு நல்ல கூழ் தந்தது என்று மூன்றையும் பெருக்கி மார்க் போட்டார்கள். திருப்பதிக்குத் தொண்ணூற்று மூன்று. எங்களுக்கு அறுபத்தொன்று. மார்க் ஏறாவிட்டால் எங்கள் மிஷினைக் கழற்றித் திருப்பதிக்கு ஏற்றிவிடுவேன் என்றார் முதலாளி. அதை ஓட்டிய முனிரத்தினம் அண்ணனுக்கு வேலை போய்விடும்.

காப்பாற்ற நான் இறங்கினேன். (புது இன்ஜினியர். ஸ்டாப்வாட்சை மாப்பிள்ளை மாலை மாதிரி கழுத்தில் போட்டிருந்தேன்.) அரை மணிக்கொரு தரம் மிஷினை நிறுத்தச் சொல்லிச் கூழ் வடியும் சல்லடையை அளந்தேன், ஒதுங்கிய பழத்தோலை எடை போட்டேன். மிஷின் நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் காரணம் எழுதினேன். நானே நிறுத்தியதற்கு ‘மற்றவை’ என்று எழுதினேன்.

திருப்பதி ஆலையில் மீட்டிங். முனிரத்தினமும் வந்திருந்தார். சுவரில் என் கணக்குப் படம் விரிந்தது, மிஷின் நின்ற காரணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பம். எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது ‘மற்றவை’.

“மற்றவைன்னா இன்னாய்யா?” என்றார் முதலாளி.

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். (ஆமாம், பழியை அவர்மேல் தள்ளத்தான்.)

“இவருதான் சார்” என்றார் அவர். “மிசினு நல்லா ஓடிக்கினு இருக்கும். எப்டி ஓடுதுன்னு பாக்கணும், நிறுத்துன்னு வந்து நிப்பாரு.”

அறையே சிரித்தது. திருப்பதி மேலாளர் கண்ணீர் வரச் சிரித்தார்.

வெளியே வந்தால், அவருடைய மிஷின் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

“இன்னாப்பா, ஓடலியா?” என்று அங்கிருந்த ஃபிட்டரிடம் முனிரத்தினம் கேட்டார்.

“பெல்ட்டு அறுந்து நாலு நாளாச்சுண்ணா. அந்த நாளெல்லாம் லீவுன்னு எங்க சாரு எழுதிட்டாரு. லீவு நாளு கணக்குல வராதாம்.”

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன்.

“நீ பேசாத, மற்றவை” என்றார்.

மிஷின் திருப்பதிக்குப் போனது. முனிரத்தினம் இன்று சித்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஏறினால், “நடுவுல நிறுத்தச் சொல்லாம குந்து சார்” என்கிறார். வீட்டில் மிக்சி நின்றால்கூட என் மனைவி, “மற்றவை, கொஞ்சம் வெளியே போங்க” என்கிறாள்.

எனக்கு இது வேண்டியதுதான். மேலாளர் சார், உங்களைக் கேட்கிறேன். மாம்பழ சீசன் நடுவில் அந்த நாலு நாளும் என்ன பண்டிகை? முனிரத்தினத்தை எதிரில் உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.