தட்டு வைத்த இடம்

இந்த ஒரு அட்டைப்படத்திலாவது மனைவி மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஓவியர் சபதம் செய்துகொண்டார்.

முப்பது வருடமாக அந்த இசைக்குழுவின் ஆல்பங்களுக்கு அவர்தான் அட்டை வரைகிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு படம் வரைந்து மேஜையில் வைப்பார். பாடகரும் டிரம்ஸ்காரரும் வருவார்கள். மனைவி டீ கொண்டுவருவாள். அவர்கள் ஒன்றை எடுப்பார்கள். அவருக்குப் பிடித்ததை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை. இது குழுவின் கடைசி ஆல்பம். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

படமும் லேசுப்பட்டதல்ல. ஒரு ராட்சசக் கண். கண்மணிக்குள் கப்பல். கப்பலுக்குள் வயலின். வயலினுக்குள் மறுபடியும் கண்.

“இது பாட்டு அட்டையா, கண் ஆஸ்பத்திரி விளம்பரமா?” என்றாள் மனைவி.

“பாத்தியா? இதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு அவங்க வர்றப்ப நீ இங்க இருக்கக் கூடாது.”

“சரிங்க. அக்கா வீட்டுக்குப் போயிடறேன்.”

இவ்வளவு சுலபமாகவா? அவருக்கே சற்று ஏமாற்றமாக இருந்தது.

“ஆனா ஒத்தைப் படத்தை நீட்டினா நல்லாவா இருக்கும்? பக்கத்துல பழசு ஒண்ணை வைங்க. உங்க கண்ணு எடுப்பாத் தெரியும்.”

பரணிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் வரைந்தது. ஒத்திகைக் கொட்டகையின் வாசல். மழையில் ஒரு குடை, ஒரு ஜோடிச் செருப்பு. அவருக்குக் குடை கொண்டுவந்தவள், பாட்டு முடியும்வரை உள்ளேயே நின்றுவிட்டாள். கூரையில் விழுந்தது மழையா டிரம்ஸா என்று தெரியாத சாயங்காலம் அது. அறுந்த வாரில் அவள் குத்தியிருந்த ஊக்கைக்கூட வரைந்திருந்தார். “செருப்பை எவன் வாங்குவான்?” என்று கேசட் கம்பெனிக்காரர் அன்றே தள்ளிவிட்டார்.

மறுநாள் கிளம்பும்போது சொன்னாள். “பிளாஸ்க்ல டீ இருக்கு. தட்டை மேஜையோட இடது பக்கம் வைங்க. வலது கால் ஆடுது.”

அவர் தன் கண்ணை, வழக்கம்போல, ஜன்னல் வெளிச்சம் விழும் இடது பக்கம் வைத்தார்.

வந்தார்கள். படியேறிய டிரம்ஸ்காரரின் முழங்கால் தனியாகத் தாளம் போட்டது. இருவரும் படங்களைப் பார்த்தார்கள். பிறகு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணி இல்லையாண்ணே?”

“ஏன், நான் ஒருத்தன் போதாதா?”

நெளிந்தார்கள். அவர் டீயை எடுத்துவந்தார். தட்டு கனத்தது. வலது பக்கம் ஆடுமே! ஒரு நிமிஷம்தானே என்று இடது பக்கம் வைத்தார். கண், கப்பல், வயலின் எல்லாம் தட்டுக்கடியில் மூழ்கின.

இருவர் முகமும் மலர்ந்தது.

“இந்தக் குடைதாண்ணே!”

“என்னய்யா இது! இன்னொண்ணைச் சரியாப் பாக்கவே இல்லையே?”

“அதான் தட்டு வெச்சுட்டீங்களே,” என்றார் டிரம்ஸ்காரர். “அண்ணி எது மேல தட்டு வெக்கிறாங்களோ, அதை நாங்க எடுக்கறதில்ல. ஆரம்பத்துலேருந்து அதானே வழக்கம். உங்களுக்குத் தெரியாதா?”

பாடகர் குடைப் படத்தைக் கையில் எடுத்தார். “அன்னிக்கு அண்ணி நின்னு கேட்ட மாதிரி அப்புறம் யாருமே கேக்கலண்ணே. கடைசி ஆல்பம். வாசல்ல அவங்க செருப்பு கெடக்கட்டும்.”



அவர்கள் போனபின், ஓவியர் மேஜையின் வலது முனையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இரண்டு கையாலும் ஆட்டினார்.

மலை மாதிரி நின்றது.